பழைய டெஸ்க்டாப்புக்கு எந்த ஹார்ட் டிஸ்க் பொருந்தும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தெரிந்தவர்கள் வட்டத்தில் யாருடைய கம்ப்யூட்டர் படுத்தாலும் எனக்குத்தான் போன் வரும். அதிலும் ஹார்ட் டிஸ்க் மாற்றுவதைப் பற்றி ஆள்தான் மாறுவார், கேள்வி மாறாது. அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, நான் வழக்கமாகச் சொல்லும் பதில்களைச் சேர்த்துவிட்டேன். பெரும்பாலும் 2002 முதல் 2012 வரை வந்த டெஸ்க்டாப்புகளை மனத்தில் வைத்து எழுதியது இது.

பழைய டிஸ்க் போயிடுச்சு. அதே கம்பெனி, அதே மாடல்தான் வாங்கணுமா?

வேண்டாம். தேடினாலும் கிடைக்காது. மேக்ஸ்டரை 2006-ல் சீகேட் வாங்கிவிட்டது. சாம்சங்கின் ஹார்ட் டிஸ்க் பிரிவும் 2011-ல் சீகேட்டிடம் போனது. ஹிட்டாச்சியின் பிரிவு 2012-ல் வெஸ்டர்ன் டிஜிட்டலோடு சேர்ந்தது. இன்று ஹார்ட் டிஸ்க் செய்பவர்கள் சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா என்ற மூவர்தான்.

மதர்போர்டுக்கு டிஸ்க்கின் பெயரைப் பற்றிக் கவலையில்லை. நீங்கள் பார்க்க வேண்டியது மூன்று: கேபிள் எந்த வகை, பயாஸ் (ஆன் செய்ததும் முதலில் ஓடும் மதர்போர்டு மென்பொருள்) எவ்வளவு பெரிய டிஸ்க்கை அறியும், உங்கள் விண்டோஸ் எதுவரை தாங்கும். பழைய டிஸ்க்கின் லேபிளைப் போட்டோ எடுத்துக்கொண்டு அலைவதைவிட, மூடியைக் கழற்றி உள்ளே இருப்பதைப் போட்டோ எடுத்து அனுப்பினால் எனக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

உண்மையிலேயே டிஸ்க்தான் போச்சான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

முதலில் காதால் கேளுங்கள். 'டக்... டக்... டக்' என்று சீராக அடித்துவிட்டு அடங்கினால், படிக்கும் முனை தன் இடத்தைப் பிடிக்க முடியாமல் தவிக்கிறது என்று பொருள். அதில் முக்கியமான கோப்புகள் இருந்தால் திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்க்காதீர்கள். ஒவ்வொரு முறையும் மிச்சமிருப்பதும் கெடலாம்.

சத்தம் இல்லையென்றால் டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதிவைக்கும் ஸ்மார்ட் கணக்கைப் பாருங்கள். இதைக் காட்டும் இலவச மென்பொருள்கள் நிறைய உண்டு. 5-ஆம் எண் வரிசை, கெட்டுப்போய் மாற்றிடம் கொடுக்கப்பட்ட செக்டர்களை, அதாவது தகவல் எழுதும் சின்னத் துண்டுகளைச் சொல்லும். 197, படிக்க முடியாமல் தொங்கிக்கொண்டிருப்பவற்றைச் சொல்லும். இந்த இரண்டில் ஏதாவது ஒன்று நாளுக்கு நாள் ஏறினால் டிஸ்க்கை மாற்றிவிடலாம். ஆனால் 199 மட்டும் ஏறினால் பெரும்பாலும் குற்றவாளி கேபிள். முதலில் கேபிளை மாற்றுங்கள். பழைய எண்ணிக்கை அழியாது, மேற்கொண்டு ஏறாமல் நின்றால் போதும். நல்ல டிஸ்க்கைத் தூக்கிப் போட்டுவிட்டு, அதே கெட்ட கேபிளில் புதிய டிஸ்க்கை மாட்டி, 'புதுசும் சரியில்லை' என்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஐடிஇ, சாட்டான்னு சொல்றாங்களே, என்னோடது எது?

இரண்டும் டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் முறைகள். டிஸ்க்குக்குப் போகும் கேபிளைப் பாருங்கள். உள்ளங்கை அகலத்துக்குக் கொஞ்சம் குறைவாக, ரிப்பன்போல் தட்டையாக இருந்தால் ஐடிஇ. அதன் இணைப்பில் 40 பின் இருக்கும். விரல் அகலம்கூட இல்லாத ஒல்லிக் கேபிளாக, முனை 'எல்' வடிவத்தில் இருந்தால் சாட்டா. 2003 வாக்கில் சாட்டா வரத் தொடங்கியது. சில ஆண்டுகளுக்கு இரண்டும் ஒரே போர்டில் சேர்ந்து வந்தன. ஆகவே பழைய டிஸ்க் ஐடிஇ என்பதாலேயே போர்டில் சாட்டா இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். மதர்போர்டின் ஓரத்தில் 7 பின் கொண்ட சின்ன சாக்கெட் சும்மா உட்கார்ந்திருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் உங்கள் தலைவலி பாதியாகக் குறைந்தது.

என் போர்டு சாட்டா 2. இப்போ கிடைக்கிறதெல்லாம் சாட்டா 3. ஒத்துப்போகுமா?

ஒத்துப்போகும். 1.5, 3, 6 ஜிகாபிட் என மூன்று தலைமுறைக்கும் இணைப்பு ஒன்றுதான். இரண்டு பக்கமும் பேசி, இருவருக்கும் தெரிந்த வேகத்தில் ஓடும். சுழலும் டிஸ்க் நொடிக்கு 150 முதல் 250 மெகாபைட்டைத்தான் தொடும். 3 ஜிகாபிட் சாட்டாவே 300 மெகாபைட் வரை கொண்டுபோகும். அதனால் வேகம் வீணாகிறதே என்று வருந்த வேண்டாம்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. முதல் தலைமுறை சாட்டா போர்டுகளில் வியா விடி8237, விடி8237ஆர், சிஸ் 964 போன்ற சிப்கள் இருந்தால், வேகத்தைப் பேசி முடிவு செய்வதிலேயே அவை தடுமாறும். டிஸ்க் கண்ணுக்கே தெரியாது. அந்தக் காலத்து 3 ஜிகாபிட் டிஸ்க்குகளின் பின்பக்கம் 1.5-க்கு இறக்கும் ஜம்பர் (இரண்டு பின்களை இணைக்கும் சின்னத் துண்டு) வைத்திருந்தார்கள். இன்றைய டிஸ்க்குகள் பலவற்றில் அது கிடையாது, சுழலும் தட்டே இல்லாமல் சிப்பில் தகவல் வைக்கும் எஸ்எஸ்டியிலும் கிடையாது. இந்த சிப் உள்ளவர்கள் ஜம்பர் உள்ள பழைய டிஸ்க்கைத் தேட வேண்டும், அல்லது பிசிஐ ஸ்லாட்டில் தனி சாட்டா கார்டு போட வேண்டும். சிப் பெயரை போர்டின் மேலேயே படிக்கலாம். வாங்குவதற்கு முன் படியுங்கள்.

டேட்டா கேபிள் சரி. பவர் கேபிள்தான் பொருந்தல. என்ன செய்யலாம்?

பழைய எஸ்எம்பிஎஸ்ஸில் (கம்ப்யூட்டருக்குள் மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) நான்கு துளை கொண்ட பெரிய மோலெக்ஸ் இணைப்பு மட்டும் இருக்கும். சாட்டாவுக்குத் தட்டையான 15 பின் இணைப்பு வேண்டும். இடையில் போடும் மாற்று கேபிள் எளிதாகக் கிடைக்கும். ஆனால் எல்லாம் ஒன்றல்ல. இணைப்பின் பின்பக்கம் பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்து மூடியிருந்தால் வாங்காதீர்கள். உள்ளே கம்பிகள் நகர்ந்து உரசி, எரிந்துபோன சம்பவங்கள் உண்டு. ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகக் கடித்துப் பிடித்தபடி, பின்மூடியோடு வரும் வகைதான் நல்லது.

எஸ்எம்பிஎஸ் பத்து வருடம் தாண்டியதா? டிஸ்க் மாற்றும் சாக்கில் அதையும் மாற்றிவிடுங்கள் என்பது என் கட்சி. டிஸ்க்குகளைக் கொல்வதில் நைந்துபோன எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் பங்கு உண்டு.

என்னோடது ஐடிஇ மட்டும்தான். புது ஐடிஇ டிஸ்க் கிடைக்குமா?

ஐடிஇ டிஸ்க் உற்பத்தி நின்று பல ஆண்டுகளாகின்றன. 'புதுசு' என்று வருவது எங்கோ கிடந்த பழைய சரக்கு, அல்லது துடைத்து விற்கும் பயன்படுத்திய டிஸ்க். நான் சொல்லும் வழி: சாதாரண சாட்டா டிஸ்க்கையோ எஸ்எஸ்டியையோ வாங்கி, ஐடிஇ-சாட்டா மாற்றியை இடையில் போடுங்கள். திசை பார்த்து வாங்க வேண்டும். ஐடிஇ போர்டில் சாட்டா டிஸ்க் மாட்டுவது ஒரு வகை, சாட்டா போர்டில் ஐடிஇ டிஸ்க் மாட்டுவது இன்னொரு வகை. தோற்றத்தில் அண்ணன் தம்பிபோல இருக்கும், சில இரண்டு பக்கமும் வேலை செய்யும்.

ரிப்பன் கேபிளில் 80 கம்பி வகையையே பயன்படுத்துங்கள். 40 கம்பி கேபிளில் வேகம் மிகவும் இறங்கிவிடும். 80 கம்பி கேபிளின் நீல முனை போர்டுக்கு, கடைசியில் இருக்கும் கறுப்பு மாஸ்டருக்கு (முதல் டிரைவ்), நடுவில் இருக்கும் சாம்பல் ஸ்லேவுக்கு (இரண்டாவது டிரைவ்). ஒரே கேபிளில் சிடி டிரைவும் தொங்கினால் ஜம்பரில் இரண்டும் மாஸ்டராகவோ இரண்டும் ஸ்லேவாகவோ இருக்கக் கூடாது. டிஸ்க் தெரியவில்லை என்று வரும் ஐடிஇ புகார்களில் இந்த ஜம்பரைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

எவ்வளவு பெரிய டிஸ்க் போடலாம்? பெருசா வாங்கிட்டா நல்லதுதானே?

இங்கேதான் காசைக் கொட்டி மாட்டிக்கொள்கிறார்கள். பழைய கம்ப்யூட்டரின் பாதையில் இரண்டு பெரிய சுவர்கள் நிற்கின்றன. முதலாவது 137 ஜிபி. அந்தக் காலத்து பயாஸ் ஒவ்வொரு செக்டருக்கும் 28 பிட்டில் முகவரி கொடுத்தது. 28 பிட்டில் எழுத முடிந்த முகவரிகளை 512 பைட்டால் பெருக்கினால் கிட்டத்தட்ட 137 ஜிபி வரும், அதற்குமேல் எண்ணத் தெரியாது. பிறகு 48 பிட் முகவரி வந்தது. 2003-க்குப் பிந்தைய போர்டுகளில் இது பெரும்பாலும் இருக்கும். சந்தேகம் இருந்தால் போர்டின் கடைசி பயாஸ் வெளியீட்டுக் குறிப்பைப் பாருங்கள்.

பயாஸ் மட்டும் தெரிந்தால் போதாது, விண்டோஸுக்கும் தெரிய வேண்டும். எக்ஸ்பி என்றால் சர்வீஸ் பேக் 1 அல்லது அதற்கு மேல் கட்டாயம். முதல் வெளியீட்டு எக்ஸ்பி சிடியைப் போட்டுப் பெரிய டிஸ்க்கில் நிறுவினால் தொடக்கத்தில் எல்லாம் ஒழுங்காகத்தான் போகும். எல்லை தாண்டிய இடத்தில் இருக்கும் கோப்புகள்தான் பிறகு கெட்டுப்போகும்.

இரண்டாவது சுவர் 2.2 டிபி. எம்பிஆர் என்ற பழைய பார்ட்டிஷன் (டிஸ்க்கைப் பிரித்த பகுதிகள்) அட்டவணை 32 பிட்டில் கணக்கு வைப்பதால் வரும் எல்லை அது. தாண்ட வேண்டுமானால் ஜிபிடி என்ற புதிய அட்டவணை வேண்டும். 32 பிட் எக்ஸ்பி ஜிபிடியைப் படிக்காது. ஆகவே பழைய டெஸ்க்டாப்பில் விண்டோஸ் ஓடும் டிஸ்க்குக்கு 2 டிபி வரை என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் வம்பில்லை. 2002-க்கு முந்தைய பெட்டி என்றால் 120 ஜிபியோடு நிறுத்துங்கள். அதற்கும் மூத்தவற்றில் 8.4 ஜிபி, 32 ஜிபி என்று இன்னும் குட்டையான சுவர்கள் உண்டு.

1 டிபி வாங்கினேன், 931தான் காட்டுது. ஏமாத்திட்டாங்களா?

இல்லை. தயாரிப்பவர்கள் ஆயிரத்தால் பெருக்குகிறார்கள், விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது. 500 ஜிபி என்றால் 465 காட்டும். ஆனால் 500 ஜிபி டிஸ்க் 128-ஐ ஒட்டிக் காட்டினால் அது இந்தக் கணக்கு அல்ல, மேலே சொன்ன முதல் சுவரில் முட்டியிருக்கிறீர்கள்.

விண்டோஸ் 7 இருக்கு. படம், பாட்டு சேர்த்து வைக்கத்தான் 3 டிபி. அதுவும் முடியாதா?

முடியும். விண்டோஸ் 7-க்கு ஜிபிடி தெரியும். பழைய பயாஸ் உள்ள பெட்டியில் அந்த டிஸ்க்கிலிருந்து பூட் ஆவதுதான் முடியாது, அதற்கு பயாஸுக்கு அடுத்து வந்த யுஇஎஃப்ஐ வேண்டும். விண்டோஸை வேறொரு சிறிய டிஸ்க்கில் வைத்துவிட்டு, 3 டிபியை ஜிபிடியாக ஃபார்மட் செய்து தகவலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

மாட்டியதும் 746 ஜிபி மட்டும் தெரிந்தால் டிஸ்க்கைத் திருப்பிக் கொடுக்க ஓடாதீர்கள். மொத்தத்தில் 2.2 டிபியைக் கழித்தால் மிஞ்சும் 0.8 டிபியை விண்டோஸ் தன் 1024 கணக்கில் அப்படிக் காட்டுகிறது. இன்டெலின் பழைய ஸ்டோரேஜ் டிரைவருக்கு எண்ணிக்கை சுற்றிக்கொண்டு முதலிலிருந்து தொடங்கிவிடுகிறது. டிரைவரைப் புதுப்பித்தால் சரியாகும்.

'அட்வான்ஸ்டு ஃபார்மட்'னு லேபிள்ல போட்டிருக்கு. எக்ஸ்பிக்கு ஆகாதுன்னு ஒருத்தர் சொன்னாரே?

பாதி உண்மை. 2011 முதல் டிஸ்க்குகள் உள்ளுக்குள் 4096 பைட் செக்டருக்கு மாறின. வெளியே 512 பைட் போலவே பேசும் வகை எக்ஸ்பியிலும் ஓடும். ஆனால் எக்ஸ்பி முதல் பார்ட்டிஷனை 63-ஆம் செக்டரில் தொடங்கும். அது உள் அமைப்போடு பொருந்தாததால் தகவல் எழுதும்போதெல்லாம் டிஸ்க் இரட்டை வேலை செய்து மந்தமாகும். பார்ட்டிஷனை விண்டோஸ் 7-லோ லினக்ஸ் பூட் சிடியிலோ முதலில் போட்டுக்கொண்டு, பிறகு எக்ஸ்பியை அதில் நிறுவினால் தீர்ந்தது. '4கேஎன்' என்று போட்ட டிஸ்க் மட்டும் வேண்டாம். அது 512 பேசவே பேசாது.

லேப்டாப் டிஸ்க் ஒண்ணு சும்மா கிடக்கு. டெஸ்க்டாப்ல மாட்டலாமா?

சாட்டா என்றால் அதே கேபிள்கள் அப்படியே பொருந்தும். அகலம்தான் குறைவு: 70 மில்லிமீட்டர். டெஸ்க்டாப் டிஸ்க் 101.6. ஒரு பிராக்கெட் வாங்கி முடுக்குங்கள். ஸ்குரூவும் வேறு அளவு, பெரியதைப் போட்டுத் திருகினால் மரை போய்விடும். பிராக்கெட் இல்லாமல் தொங்கவிட்டு ஓட்டாதீர்கள், சுழலும் டிஸ்க்குக்கு அது ஆகாது. எஸ்எஸ்டியை டேப் போட்டு ஒட்டிவைத்தாலும் அதற்குக் கவலையில்லை.

எஸ்எஸ்டியே போட்டுடலாமா? பழைய போர்டுக்கு அது வீண்தானே?

வீண் இல்லை. 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டிதான் என் முதல் சிபாரிசு. 3 ஜிகாபிட் போர்டில் அதன் முழு வேகம் கிடைக்காது, சரிதான். ஆனால் பழைய கம்ப்யூட்டர் திணறுவது பெரிய கோப்பை இழுப்பதில் அல்ல, ஆயிரம் சின்னக் கோப்புகளைத் தேடி முனை அங்கும் இங்கும் ஓடுவதில். அந்த ஓட்டமே எஸ்எஸ்டியில் கிடையாது. 1.5 ஜிகாபிட்டில் மாட்டினாலும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். நீக்கிய இடத்தை எஸ்எஸ்டிக்குத் தெரிவிக்கும் டிரிம் வசதி விண்டோஸ் 7 முதல்தான். எக்ஸ்பியில் ஓடும், ஆனால் இடத்தில் கொஞ்சம் காலியாக விட்டுவையுங்கள். அட்வான்ஸ்டு ஃபார்மட் பதிலில் சொன்ன பார்ட்டிஷன் தொடக்கம் இதற்கும் பொருந்தும்.

பபிள்கம் பட்டை மாதிரி வரும் எம்.2 வகையை வாங்கிவிடாதீர்கள். அதற்கு உங்கள் போர்டில் இடமே இருக்காது. பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டில் செருகினாலும் என்விஎம்இ என்ற அதிவேக எம்.2 வகையிலிருந்து பழைய பயாஸ் பூட் ஆகாது.

ஒரே அளவுல ஏகப்பட்ட வகை இருக்கு: கேமராவுக்கு, நாஸுக்கு, டெஸ்க்டாப்புக்கு. எதை எடுக்கறது?

டெஸ்க்டாப் வகையே போதும். கண்காணிப்புக் கேமரா வகை டிஸ்க் இடைவிடாமல் எழுதுவதற்காகச் செய்தது, விண்டோஸ் ஓட்ட அது தோதாக இருக்காது. நாஸ் (நெட்வொர்க்கில் பலர் பகிரும் சேமிப்புப் பெட்டி) வகை நன்றாகவே ஓடும், அவ்வளவு தேவையில்லை.

கவனிக்க வேண்டியது பதிவுசெய்யும் முறை. எஸ்எம்ஆர் வகையில் தடங்கள் ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். ஓர் ஓட்டை மாற்றப் பக்கத்து ஓடுகளையும் கழற்றி அடுக்குவதுபோல், சின்ன மாற்றத்துக்கும் நிறைய திருப்பி எழுத வேண்டும். தொடர்ந்து எழுதினால் நொண்டும். சாதாரண டிஸ்க்குகளிலும் லேபிளில் சொல்லாமல் இதைச் சேர்த்திருந்தது 2020-ல் வெளிவந்து பெரிய சர்ச்சையானது. அதன்பின் மாடல் வாரியாகப் பட்டியல் போட்டார்கள். விண்டோஸ் ஓடும் டிஸ்க் என்றால் சிஎம்ஆர் (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத வகை) என்று உறுதிசெய்துகொண்டு வாங்குங்கள்.

சர்வர்லேர்ந்து கழட்டின பெரிய டிஸ்க் மலிவா வருது. வாங்கலாமா?

படத்தை உற்றுப் பாருங்கள். சாட்டாவில் டேட்டா இணைப்புக்கும் பவர் இணைப்புக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கும். அந்த இடைவெளி அடைபட்டு ஒரே நீளப் பட்டையாக இருந்தால் அது எஸ்ஏஎஸ் என்ற சர்வர் வகை, உங்கள் போர்டில் ஓடாது.

சாட்டாவாகவே இருந்தும் மாட்டியதும் சுழலாமல் ஊமையாக இருந்தால், பவர் இணைப்பின் மூன்றாவது பின்தான் காரணமாக இருக்கலாம். சாட்டா 3.3 விதிப்படி அந்தப் பின்னில் 3.3 வோல்ட் வந்தால் 'அணைந்துகொள்' என்று பொருள். பழைய எஸ்எம்பிஎஸ்களில் சில அந்தப் பின்னில் 3.3 வோல்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும். வேடிக்கை என்னவென்றால், மேலே எச்சரித்த அந்த மோலெக்ஸ் மாற்று கேபிள்தான் (உருக்கி வார்க்காத நல்ல வகை) இங்கே மருந்து. மோலெக்ஸில் 3.3 வோல்ட்டே கிடையாது.

எல்லாம் சரியா மாட்டிட்டேன். ஆனா பயாஸ்லயே தெரியல!

அந்த சாட்டா போர்ட் பயாஸில் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். கம்பெனியில் கட்டிய டெஸ்க்டாப்புகளில் காலியாக இருந்த போர்ட்டை 'ஆஃப்' என்று வைத்திருப்பது உண்டு. பழைய டிஸ்க் இருந்த அதே போர்ட்டில் மாட்டினால் இந்தச் சிக்கல் வராது. அப்புறம் வேறு கேபிள், அப்புறம் வியா சிப் விஷயம்.

பயாஸில் தெரிந்து விண்டோஸில் தெரியாவிட்டால் கவலையே இல்லை. புதிய டிஸ்க் வெற்றுத்தாள். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் போய் இனிஷியலைஸ் செய்து பார்ட்டிஷன் போடுங்கள்.

பழைய டிஸ்க்கை அப்படியே காப்பி பண்ணி மாட்டினா நீலத் திரை வருது. ஏன்?

0x0000007பி என்ற எண் வந்தால், டிஸ்க் காப்பி பெரும்பாலும் சரியாகத்தான் ஆகியிருக்கும். பயாஸில் சாட்டா டிஸ்க்கோடு பேசும் முறை ஐடிஇயிலிருந்து (பழைய முறை) ஏஹெச்சிஐக்கோ (புதிய முறை), அங்கிருந்து இங்கோ மாறியிருக்கிறது. விண்டோஸ் நிறுவியபோது இருந்த முறைக்குத் திருப்புங்கள். 'நான் பயாஸைத் தொடவே இல்லையே' என்பார்கள். பிளக்கைக் கழற்றியபோது, செத்துப்போன சிஆர்2032 பேட்டரி எல்லா அமைப்பையும் மறந்திருக்கும். கடிகாரம் பழைய தேதி காட்டினால் அதுதான். பேட்டரியையும் மாற்றுங்கள்.

காப்பி எடுக்கும்போது புதிய டிஸ்க் பழையதைவிட ஒரு செக்டர்கூடக் குறையக் கூடாது. லேபிளில் இரண்டும் 500 என்றிருந்தாலும் மிகப் பழையவற்றில் சின்ன வித்தியாசம் இருக்கலாம். எது மூலம், எது நகல் என்பதைத் தொடர் எண்ணை வைத்து இரண்டு தடவை சரிபாருங்கள். வெற்று டிஸ்க்கை மூலமாகக் கொடுத்து, குடும்பப் படங்கள் இருந்த டிஸ்க்கை அழித்தவரை எனக்குத் தெரியும். அது நானேதான்.

எங்களோடது ஐமேக், திரைக்குள்ளயே எல்லாம் இருக்கும். இதெல்லாம் அதுக்கும் பொருந்துமா?

சாட்டா பற்றிச் சொன்னது பொருந்தும், வெப்பமானி விஷயம் தனி. 2009 முதல் 2011 வரையிலான ஐமேக்குகள் டிஸ்க்கின் வெப்பத்தைத் தனி ஏற்பாட்டில் அறிந்துகொள்ளும். சாதாரண டிஸ்க்கை மாட்டினால் வெப்பம் தெரியாமல் மின்விசிறி முழு வேகத்தில் அலறும். அதற்கென்று விற்கும் சென்சார் கேபிளைச் சேர்த்தே வாங்குங்கள்.

அதே மாடல் டிஸ்க் ஒண்ணு கிடைச்சிருக்கு. அதோட சர்க்யூட் போர்டைக் கழட்டி என் செத்த டிஸ்க்ல மாட்டினா தகவல் வந்துடுமா?

முதல் கேள்வியில் 'அதே மாடல் வேண்டாம்' என்றேன். அதே மாடல் தேவைப்படும் இடம் இது ஒன்றுதான், இங்கேயும் அது மட்டும் போதாது. மிகப் பழைய டிஸ்க்குகளில் போர்டை மாற்றினால் உயிர் வந்தது. பிறகு வந்தவற்றில் அந்தந்த டிஸ்க்கின் முனைக்கும் தட்டுக்கும் அளந்து எழுதிய கணக்கு, போர்டில் மின்சாரம் போனாலும் அழியாத ஒரு சின்ன நினைவுச் சிப்பில் இருக்கும். அந்தச் சிப்பையும் பழைய போர்டிலிருந்து எடுத்துப் புதியதில் பற்றவைக்க வேண்டும்.

அதுவும் மின்சார அடியால் போர்டு மட்டும் கருகியிருந்தால்தான். இரண்டாம் கேள்வியில் சொன்ன 'டக் டக்' சத்தம் வருகிறதென்றால் கோளாறு போர்டில் இருப்பது அரிது. அப்போது ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு, தூசியில்லா அறை வைத்துத் தகவல் மீட்பவர்களிடம் கொடுங்கள்.